கடைசி வருகை: இன்று காலை

கொட்டாஞ்சேனையில் ஒரு கந்தோர் இருக்கிறது. அதன் முழுப் பெயர் குடியிருப்போர் தகவல் இணக்கப்பாட்டு அதிகாரசபை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோக்காரனுக்குப் பொறுமை போய்விடும்; "பெயர்க் கந்தோர்" என்றாலே கொண்டுபோய் இறக்கிவிடுவான். கீழும் மேலுமாக இரண்டு மாடிகள். கீழ்மாடிக் கணினிகளில் சிஸ்டத்தின் பழைய பதிப்பு ஓடுகிறது. மேல்மாடியில் புதிய பதிப்பு.

இரண்டும் ஒரே கொம்பனி செய்தவைதாம். ஆனாலும் காணிப் பங்கீட்டில் கதைபேச்சு விட்டுப்போன சகோதரர்கள் மாதிரி இருந்தன. மேல்மாடிக் கணினி கீழ்மாடியின் தகவல் வட்டை வாசிக்கும். அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. கீழ்மாடிக் கணினியில் மேல்மாடியின் வட்டைச் செருகினாலோ, "இதில் ஒன்றுமே இல்லை, முழுவதையும் அழித்துவிடட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கும். நாளடைவில் கணினிகளின் குணம் உத்தியோகத்தர்களுக்கும் தொற்றிவிட்டது. மேல்மாடிக்காரர்கள் கீழ்மாடிக்காரர்களைப் பார்ப்பார்கள், ஆனால் அவர்கள் விசயத்தில் ஒன்றும் செய்யமாட்டார்கள். கீழ்மாடிக்காரர்களுக்கு மேல்மாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாடிப்படி அவர்களுடைய மேசைகளுக்கு நடுவேதான் ஏறிப்போகிறது. அதைப் பற்றிக் கேட்டால், தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற வழி என்பார்கள்.

இந்தக் கந்தோருக்குத்தான் வெள்ளவத்தைச் சிவானந்தன் போகவேண்டி வந்தது. மருந்துக் கொம்பனியொன்றில் களஞ்சியத்தைப் பார்த்திருந்து ஓய்வுபெற்ற மனிதர். மனைவி மயூரியோடு கடற்பக்க ஒழுங்கையில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு பழைய தொடர்மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். யார் யார் வசிக்கிறார்கள் என்ற அத்தாட்சியை மாத முடிவுக்குள் கொடுப்பவர்களுக்குத்தான் புதிய கட்டடத்தில் வீடு. கொடுக்காதவர்கள் கடற்கரையில் காற்று வாங்கலாம்.

மேல்மாடியில் டெனிஷா என்ற பிள்ளை இருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, நல்ல மாதிரி.

"அங்கிள், வீட்டில எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர், பிள்ளை. நானும் மனிசியும். மகள் கலியாணம் முடிச்சு லண்டனில."

டெனிஷா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். "இதுல பதினாலு பேர் இருக்காங்களே."

அவள் வாசிக்க வாசிக்கத்தான் சிவானந்தனுக்கு விளங்கியது. யுத்த காலத்தில் வெள்ளவத்தைத் தமிழர் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதியவேண்டும். சிவானந்தன் பயந்த சுபாவம். கண் ஒப்பரேசனுக்கு வந்த மாமா, கலியாணத்துக்கு வந்த பெரியம்மா, விசாவுக்குக் காத்துக்கிடந்த பெடியன்கள், பஸ்ஸைத் தவறவிட்டு ஒரேயொரு இரவு தங்கிய தூரத்துச் சொந்தம் என்று ஒருவரையும் விடாமல் பதிந்துவைத்தார். அந்தப் பொலிஸ் பதிவுதான் கீழ்மாடி வட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. வந்தவரைப் பதியாமல் விட்டால் உள்ளே போடுவார்கள். போனவரின் பெயரை வெட்டாமல் விட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள். அதற்காக இன்னொரு தடவை பொலிஸ் வாசலில் போய் நிற்க வெள்ளவத்தையில் எந்தத் தமிழனுக்குத்தான் மனம் வரும்? ஆகவே வந்தவர்கள் எல்லோரும் அவருடைய வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மாமா செத்து வருசக்கணக்காகிவிட்டது. பெரியம்மா கடல்கடந்து ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறா. கீழ்மாடி வட்டில் இரண்டு பேரும் அவருடைய முன் அறையில் படுத்திருந்தார்கள்.

"கடைசியா பிரியந்தன்," என்றாள் டெனிஷா. "இவர் யாரு அங்கிள்?"

"மனிசியின்ர தம்பி. அவர் இப்ப இல்லை."

"இல்லையா? கடைசி வருகை இன்னைக்கு காலையிலனு காட்டுதே."

பிரியந்தன் விசாவுக்காக வந்து அவர்களோடு தங்கியிருந்தவன். யுத்தத்தின் கடைசி வருசங்களில் ஒரு நாள், "அக்கா, தேத்தண்ணி ஆறமுந்தி வந்திடுவன்," என்று சொல்லிவிட்டுப் போன் காட் வாங்கக் காலி வீதிக்கு இறங்கினான். ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் ஒன்று நின்றதாகக் கடைக்காரர் சொன்னார். பிறகு, தான் அப்படிச் சொல்லவில்லை என்றும் அவரே சொன்னார். மயூரி ஏறாத படி இல்லை, கொடுக்காத முறைப்பாடு இல்லை. அவனைப் பற்றித் தங்களிடம் ஒரு தகவலும் இல்லை என்பதை எல்லாக் கந்தோர்களும் மூன்று மொழிகளிலும் அறிவித்திருந்தன.

வீட்டுக்கு வந்த சிவானந்தன் ஒரு மடத்தனம் செய்தார். கந்தோரின் கூத்தைச் சொல்லி மயூரியைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தார். பதினான்கு பேர் கதையைச் சொன்னார், மாமாவைச் சொன்னார், வாய்தவறிப் பிரியந்தனின் 'இன்று காலை'யையும் சொன்னார்.

மயூரி சிரிக்கவில்லை. "இண்டைக்குக் காலமை எத்தினை மணிக்காம்?" என்று கேட்டாள்.

"மயூரி, அது கொம்பியூட்டர். அதுக்கு என்ன தெரியும்?"

"எந்தக் கந்தோராவது இவ்வளவு காலத்தில அவன் வந்தவன் எண்டு சொல்லியிருக்கோ? இவையள்தானே சொல்லியிருக்கினம். மணியைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்."

அன்று முதல் அவள் கதவின் உள்தாழ்ப்பாளைப் போடுவதை விட்டுவிட்டாள்.

பெயர்களை வெட்டினால்தான் அத்தாட்சி. மேல்மாடியால் வெட்ட முடியாது; பார்க்க மட்டும்தான் முடியும். வெட்டும் அதிகாரம் கீழ்மாடிக் கனகசபாபதியிடம் இருந்தது. பழைய பதிப்போடு சேர்ந்து பழையதானவர். கணினியில் தூசு படாமல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருந்தார். சிவானந்தன் விசயத்தைச் சொல்ல, அவர் துணியை விலக்காமலே பதில் சொன்னார்.

"பேர் வெட்டுறதெண்டால், போறவர் நேரில வந்து 'நான் போறன்' எண்டு கையெழுத்து வைக்கவேணும்."

"அவையள் எல்லாரும் எப்பவோ போயிட்டினம், ஐயா."

"போனவர் எப்பிடிப் போறன் எண்டு சொல்லுறது? இருக்கிறவர்தானே சொல்லலாம். அவையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"மேல்மாடியில உங்களிட்டைக் கேக்கச் சொன்னவை."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, இந்தக் கட்டடத்துக்கு மேல்மாடி இல்லை," என்றார். தலைக்கு மேலே யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த கிழமை பெயர்க் கந்தோரிலிருந்து வீட்டுப் பரிசோதனைக்கு ரிஸ்கான் வந்தார். கையில் டப்லட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மற்றவன் வீட்டுக்குள் வந்துவிட்ட சங்கடம்.

"ஐயா கோவிக்க வேணாம்," என்றார். "பேர் கூப்புடச் சொல்லி ஈக்கிது. மூணு தரம் கூப்புடணும். பதில் வராட்டி 'உறக்கம்' எண்டு போடணும். 'இல்லை' எண்டு போட இதுல இடமில்ல."

"செத்தவருக்கு?"

"அவருக்கும் உறக்கம்தான்."

முன் அறையின் நடுவே நின்று ரிஸ்கான் கூப்பிட்டார். டப்லட்டில் இருந்தது பழைய பதிப்பு; அதன் திரை நீளமான பெயர்களைத் தாங்காது. எந்தப் பெயரையும் ஆங்கிலத்தில் ஆறெழுத்தோடு நிறுத்திவிட்டு ஒரு நெளிகோட்டையும் இலக்கத்தையும் போட்டுவிடும். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கவேண்டும் என்பது சுற்றறிக்கை. ஆகவே அவர் மாமாவின் பாதிப் பெயரோடு நெளிகோடு ஒன்று என்று கூப்பிட்டார். பெரியம்மாவை நெளிகோடு இரண்டு என்றார். ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் காத்து நின்றார். அந்தக் காத்துநிற்றல்தான் சிவானந்தனுக்குப் பொறுக்கவில்லை. செத்தவர்களும் கடல்கடந்தவர்களும் உடுப்பை மாற்றிக்கொண்டு இதோ வருகிறோம் என்பதுபோல வீடு அமைதியாக இருந்தது. ஒரு பெடியனின் பெயர் வந்தது. விசா கிடைக்காமல் வன்னிக்கே திரும்பிப்போய், பிறகு ஒரு கடிதமும் வராதவன். ரிஸ்கான் மூன்றாம் தரம் கூப்பிட்டபோது சிவானந்தன் தன்னையறியாமல் அறைக் கதவைப் பார்த்தார்.

"மயூரி நெளிகோடு ஒன்று."

"ஓம்," என்றாள் மயூரி, சமையலறையிலிருந்து.

"பிரியன் நெளிகோடு ஒன்று."

"ஓம்," என்றது அதே சமையலறை.

ரிஸ்கான் தலையைத் தூக்கினார். சிவானந்தன் நிலத்தைப் பார்த்தார். பிறகு ரிஸ்கான் திரையில் ஒரு தட்டுத் தட்டினார். "எங்கட மாமா ஒருத்தரும் இப்பிடித்தான்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமலே போனார்.

அறிக்கை வந்தது. இரண்டு அறைகளில் பதினான்கு பேரைச் சேர்த்து வைத்திருப்பது சுகாதாரத்துக்குக் கேடு என்று எச்சரிக்கை. பதினொருவர் பகலிலும் உறங்குவதால் டெங்குப் பரிசோதனைக்குச் சிபாரிசு. இதைத் தவிர, உறங்காமல் இருக்கும் பிரியந்தன் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டுமென்று அவனுடைய பெயருக்குத் தனியாக ஒரு கடிதம். மயூரி அதைப் பிரிக்கவிடவில்லை. மற்றவர்களுடைய கடிதத்தைப் பிரிப்பது பிழை என்று சொல்லி, அவன் படுத்த மூலையில் இருந்த யன்னல் கட்டின் மேல் வைத்தாள்.

அதோடு இன்னொரு பழக்கமும் தொடங்கியது. காலையில் இடியப்பத்தை வைத்துவிட்டு, "இண்டைக்குப் பெயர்க் கந்தோருக்குப் போகேல்லையே?" என்பாள். சிவானந்தன் போவார். டெனிஷா கோப்பைத் திறப்பாள். கடைசி வருகை: இன்று காலை. அவர் வந்து மனைவியிடம் சொல்வார். அவள் அன்று முழுவதும் நன்றாக இருப்பாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். தன் மனைவி பாடுவாள் என்பதையே சிவானந்தன் மறந்துபோயிருந்தார். அந்தச் சந்தோசத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் டெனிஷாதான் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், சொல்லாம இருக்க ஏலாம இருக்கு. பழைய வேர்சன்ல கடைசி வருகைனு ஒரு கட்டமே கிடையாது. புதுசுக்கு வெறும் கட்டம் பிடிக்காது. அதனால நாங்க திறக்கிற நேரத்தை எடுத்து அதுல போட்டுக்குது. அவர் வரல்ல அங்கிள். நாங்கதான் அவரைப் பார்க்கிறோம். நாங்க பார்த்த நேரம்தான் அது."

சிவானந்தன் பஸ்ஸில் வரும்போது பொய் சொல்வதென்றுதான் முடிவெடுத்திருந்தார். கதவைத் திறந்த மயூரியின் முகத்தைப் பார்த்ததும் உண்மை வந்துவிட்டது. அவள் முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"அப்ப ஆரும் பாத்தால்தான் அவன் வருவான்," என்றாள். "பாக்காமல் விட்டால் வரமாட்டான். அப்பிடித்தானே?"

"அப்பிடியில்லை மயூரி..."

"பாத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கோ."

அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு வழியில்லாமல் மேலிடம் ஒரு முடிவெடுத்தது. பழைய வட்டிலுள்ள எல்லோரையும் ஒரே நாளில் புதிய பதிப்புக்குக் கொண்டுவருவது. அந்த நாளுக்குக் குடிபெயர்ப்பு விழா என்று பெயர். மேல்மாடி மண்டபத்தில் மாவிலைத் தோரணம் கட்டி, கணினிக்குப் பூமாலை போட்டு, குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். விளக்கின் சூடு கணினிக்கு ஆகாதென்று யாரோ சொன்னதால் கணினியைத் தள்ளிவைத்தார்கள். விளக்கைத் தள்ளிவைப்பது மரபல்ல. மாத முடிவும் நெருங்கிவிட்டது. முதற்தடவையாக மயூரியும் கூட வந்தாள்.

பணிப்பாளர் நாயகம் பேசினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு.

"காணாமற்போனோர், காணாமற்போனோர் என்று சிலர் கதைத்துத் திரிகிறார்கள். எங்கள் அதிகாரசபையின் அனுபவத்தில் அப்படி யாருமே கிடையாது. பழைய பதிப்பில் பதியப்பட்ட ஒருவர்கூடத் தொலைந்ததில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லுவேன். எல்லோரும் வட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். எந்த நேரத்தில் யார் எந்த வீட்டில் படுத்தார் என்பதை அவ்வளவு கவனமாக எழுதிவைத்தவர்கள் நாங்கள். அவர்களைத் திறக்கிற வசதிதான் எங்களிடம் இல்லை. ஆகவே இது இழப்பு அல்ல, இணக்கப்பாட்டுப் பிரச்சினை. இழப்புக்கு யாராவது பொறுப்பாளி இருப்பார். இணக்கப்பாட்டுப் பிரச்சினைக்கு அப்படி யாரும் இருக்கமாட்டார். இதுதான் தொழில்நுட்பத்தின் அழகு."

கைதட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இன்றோடு பழைய வட்டு அழிக்கப்படும். புதிய பதிப்புக்கு வருகிறவர் வலக்கைப் பெருவிரலை வைத்துவிட்டு வரலாம். வராதவருக்காக வீட்டுத்தலைவர் 'தேவையில்லை' என்று ஒப்பமிட வேண்டும். யாரையும் நாங்களாக அழிப்பதில்லை. அவரவர் வீட்டுக்காரர்தான் அழிக்கிறார்கள். ஜனநாயகம் என்பது அதுதான்."

கீழே கனகசபாபதி, தண்ணீர்த் தாங்கியில் ஏன் இவ்வளவு சத்தம் என்று பியோனை அனுப்பி விசாரித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சிவானந்தன் டெனிஷாவின் மேசைக்கு முன் உட்கார்ந்தார். தன் விரலை வைத்தார். பிறகு ஒப்பமிடத் தொடங்கினார். மாமா தேவையில்லை. பெரியம்மா தேவையில்லை. பெரியம்மா உயிரோடு இருப்பவ, கேட்டால் சிரிப்பா. வன்னிக்குத் திரும்பிய பெடியனின் பெயர் வந்ததும் அவருடைய கை நின்றது.

"பிள்ளை, இதுக்கு வேற சொல்லு ஒண்டும் இல்லையோ?"

"ரெண்டே ரெண்டு பட்டன்தான் அங்கிள்."

அந்தப் பெடியனுக்கு இப்போது யாரும் இருக்கிறார்களோ என்னவோ. அவனுக்கும் சேர்த்து ஒப்பமிட்டபோது, உயிருள்ள ஒருவனின் கழுத்தில் கை வைத்ததுபோல இருந்தது அவருக்கு. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"பிரியந்தன்," என்றாள் டெனிஷா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிவானந்தன் பேனையைப் பிடித்தபடி இருந்தார். மயூரி அவருக்குப் பக்கத்தால் கையை நீட்டி, கண்ணாடித் தட்டில் தன் பெருவிரலை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரம் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. தம்பியின்ர முழுப் பெயரையும் அடியுங்கோ பிள்ளை என்று சொல்லி, மயூரி எழுத்தெழுத்தாகச் சொன்னாள். டெனிஷா அடித்தாள்.

அடுத்தது மயூரியின் பெயர். அதே விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. இந்த விரலுக்குரியவர் ஏற்கனவே வசிக்கிறார் என்றது திரை.

பணிப்பாளர் நாயகமே எழும்பி வந்தார். பத்திரிகைக்காரர்கள் போன பிறகு என்பதால் சிரிப்பை விட்டுவிட்டு வந்தார். "அம்மா பிழை விட்டிட்டார். சிஸ்டம் பிழை விடாது. புதிய பதிப்பில் ஒருதரம் எழுதினதைத் திரும்ப எடுக்க வழியில்லை. வேண்டுமெண்டால் அந்த ஆளை முழுசா அழிக்கலாம். ஒரு விரலுக்கு ஒரு ஆள். ரெண்டில் ஒருத்தர்தான் இருக்கலாம். யாரை வைக்கிறது?"

மயூரி யோசிக்கவே இல்லை. "நான் இருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும், சேர். இவருக்கும் தெரியும். அவன் இருக்கிறான் எண்டு சொல்ல இந்த மெசினை விட்டால் வேற ஆர் இருக்கினம்?"

"அப்ப சரி," என்றார் பணிப்பாளர் நாயகம். பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததில் அவருக்குத் திருப்தி. "வீட்டுத்தலைவர் ஒப்பமிடட்டும்."

வீட்டுத்தலைவர் சிவானந்தன். திரையில் மயூரியின் பெயர், அதற்கு நேரே 'தேவையில்லை' என்ற பொத்தான், கீழே ஒப்பத்துக்கு ஒரு கோடு. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சமையலறையில் உப்புக் கேட்கும்போது பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வையுங்கோ," என்றாள்.

"மயூரி, நான் எப்பிடி..."

"வைக்காட்டி அவனை அழிச்சுப்போடுவினம். வையுங்கோ."

அவர் வைத்தார். பெயர் திரையிலிருந்து போயே போய்விட்டது.

அத்தாட்சியைக் கையோடு தந்தார்கள். முத்திரை அடித்து, இரண்டு பேர் வசிக்கும் வீடு என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அவர் முதல் நாள் கேட்டதும் அதைத்தான். வீதிக்கு இறங்கியதும், பேரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று மயூரி கேட்டாள். சிவானந்தன் வாசித்தார். சிவானந்தன், வீட்டுத்தலைவர். பிரியந்தன், மைத்துனர்.

"இன்னொருக்கா வாசியுங்கோ."

இன்னொரு முறையும் வாசித்தார். அவள் முகம் மலர்ந்து, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பஸ் தரிப்பிடம் மற்றப் பக்கத்தில் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாலுபேர் பார்க்கும் வீதியில் சிவானந்தன் அவளுடைய கையைப் பிடித்ததில்லை. அன்று பிடித்தார். வீதியைக் கடந்த பிறகும் விடவில்லை. சனத்தில் இவளைத் தவறவிட்டால் எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.